ஆளுக்கொரு பேர், பேருக்கொரு எண்



தோட்டத்திலே பிழைத்தவர்களுக்குச் செக்ரோல் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விடிவதற்கு முன்னே பெரட்டுக்களத்தில் போய் நின்று, பேர் கூப்பிடும்போது குரல் கொடுத்து, அந்தப் பேரேட்டில் நம் பேர் ஏறினால்தான் அன்றைய நாள் கணக்கில் சேரும். பேர் ஏறாதவன் எத்தனை மரம் வெட்டினாலும், எத்தனை குலை அறுத்தாலும், கணக்குப் பிள்ளைக்கு அவன் வேலைக்கு வராதவன்தான்.

கணினியிலும் அப்படி ஒரு செக்ரோல் இருக்கிறது என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் உண்மை. அந்தச் செக்ரோலில் பேர் எழுதுவது எப்படி, ஏன் வீட்டில் ஆளுக்கொரு பேர் வேண்டும், பேர் எழுதிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் இந்த முறை பார்ப்போம். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள். சில இடங்களில் அவர்கள் உங்களுக்கு உதவுவார்கள். சில இடங்களில் நீங்கள்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.

பாரிட் ராஜாவில் படிக்கும் பிள்ளை

பத்து பாகாட் பட்டணத்திலிருந்து ஆயர் ஈத்தாம் போகும் சாலையில் பாரிட் ராஜா என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1993-இல் பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கான பயிற்சி மையமாக ஒரு கல்விக்கூடம் தொடங்கியது. 1996-இல் அது துன் உசேன் ஓன் பெயரில் தொழில்நுட்பக் கழகமானது. 2000-இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக உயர்ந்தது. 2007 முதல் துன் உசேன் ஓன் மலேசியா பல்கலைக்கழகம் என்ற பெயரோடு நடக்கிறது. நம் நாட்டின் மூன்றாவது பிரதமரின் பெயர் அது. கணினிப் படிப்புக்கென்றே அங்கே தனிப் புலம் உண்டு.

இப்படிப்பட்ட இடத்தில் கணினி படிக்கும் பிள்ளை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால், படம் ஒன்றும் இல்லாத ஒரு கறுப்புத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு ஏதோ தட்டிக்கொண்டிருப்பான். "என்னடா இது, யாருடைய பேங்கையாவது திறக்கப் பார்க்கிறாயா?" என்று தாய்மார்கள் பயப்படுவதும் உண்டு. பயப்பட ஒன்றுமில்லை. அதற்குக் கட்டளை வரி என்று பெயர். படத்தைச் சுட்டி வேலை வாங்குவதற்குப் பதிலாக, எழுத்தால் கட்டளை கொடுத்து வேலை வாங்குவது. வாயால் கேட்டால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதற்கும், நாமே அலமாரி அலமாரியாகத் தேடி எடுப்பதற்கும் உள்ள வித்தியாசந்தான்.

நூறு மாணவர்களுக்கு ஒரே நாளில் கணக்குத் திறக்க வேண்டுமானால், சுட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து மாளாது. பெயர்ப் பட்டியலைக் கொடுத்து, ஒரே கட்டளையில் முடித்துவிடலாம். அதனால்தான் கணினியைப் பராமரிக்கக் கற்பவர்களுக்கு இது ஆரம்பப் பாடங்களில் ஒன்று.

இந்த வழக்கம் எப்படி வந்தது?

ஆரம்ப காலத்தில் ஒரு கணினி என்பது ஒரு பெரிய அறையை அடைத்துக்கொள்ளும் இயந்திரம். ஒரு நேரத்தில் ஒருவர் வேலையைத்தான் அது பார்க்கும். 1961-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ என்பவரும் அவர் குழுவினரும் ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பங்கிட்டுக்கொள்ளும் முறையைச் செய்து காட்டினார்கள். பலர் பங்கிட்டால் என்ன வரும்? யாருடைய தாள் யாருடையது என்ற வழக்கு வரும். ஆகவே ஆளுக்கு ஒரு கணக்கு, கணக்குக்கு ஒரு மறைச்சொல் என்று வைத்தார்கள்.

அதிலும் ஒரு வேடிக்கை நடந்தது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு அந்தக் கணினியில் ஒதுக்கிய நேரம் போதவில்லை. 1962-இல் அவர், எல்லோருடைய மறைச்சொற்களும் இருந்த கோப்பை அச்சடித்துத் தரும்படி இயந்திரத்துக்கே கட்டளை கொடுத்தார். இயந்திரமும் மறுபேச்சுப் பேசாமல் அச்சடித்துக் கொடுத்துவிட்டது! பல ஆண்டுகள் கழித்து அவரே இதை ஒப்புக்கொண்டார். வேலி போட்டால் போதாது, வேலியின் சாவியைத் திண்ணையில் வைக்கக்கூடாது என்பது அன்றைக்கே தெரிந்துபோயிற்று.

பிறகு 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதை அடியொற்றி 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்சை வெளியிட்டார். காசு கொடுக்காமல் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதால், பழைய கணினியைத் தூக்கிப் போட மனமில்லாத வீடுகளுக்கு லினக்ஸ் நல்ல துணை. நாம் பார்க்கப்போகும் கட்டளைகள் லினக்சில் உபுண்டு, டெபியன் என்ற வகைகளுக்கு உரியவை.

ஒரே கணக்கு என்ன செய்யும்?

ஒரு வீட்டில் ஒரு கணினி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே கணக்கில் நுழைகிறார்கள். மறைச்சொல் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. பெரியவன் இரவெல்லாம் கண் விழித்து எழுதிய கட்டுரையைச் சின்னவள் தெரியாமல் அழித்துவிடுகிறாள். அம்மா பேங்குக் கணக்கைப் பார்த்துவிட்டு மூட மறந்த பக்கத்தை, பக்கத்து வீட்டுப் பையன் விளையாட வந்து திறக்கிறான். "யார் செய்தது?" என்று கேட்டால் வீட்டில் சண்டை. கணினியைக் கேட்டாலும் அது சொல்லாது. அதற்குத் தெரிந்தது ஒரே ஆள்தானே?

வீட்டிலாவது சண்டையோடு போகும். கோயில் கமிட்டியிலோ, இளைஞர் சங்கத்திலோ ஒரு கணினி இருந்தால்? சந்தாக் கணக்கு, திருவிழாச் செலவு, வரவு எல்லாம் அதில்தான். ஆண்டுக் கூட்டத்தில் பொருளாளர் மாறுகிறார். மறைச்சொல் மட்டும் மாறுவதில்லை. பழையவருக்கும் தெரியும், அவருக்கு முந்தியவருக்கும் தெரியும். நாளைக்கு ஐந்நூறு வெள்ளி உதைத்தால், ஒரு பாவமும் அறியாத மனிதர் மேலும் சந்தேகம் விழும். தனிக் கணக்கு என்பது திருடனைப் பிடிக்க மட்டுமல்ல, நல்லவருடைய பேரைக் காப்பாற்றவுந்தான்.

பேர் எழுதுவது எப்படி?

கட்டளைத் திரையைத் திறந்து, முதலில் சூடோ என்று தட்ட வேண்டும். எழுத்துகள்: எஸ், யு, டி, ஓ. "இது பொறுப்பாளருடைய உத்தரவு" என்று பொருள். ஓர் இடைவெளி விட்டு ஆட்யூசர். எழுத்துகள்: ஏ, டி, டி, யு, எஸ், இ, ஆர். மீண்டும் ஓர் இடைவெளி விட்டுப் புதிய கணக்கின் பெயர். தேவி என்ற பிள்ளைக்குத் திறப்பதானால் டி, இ, வி, ஐ. எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில். பிறகு எண்டர்.

இயந்திரம் முதலில் உங்கள் மறைச்சொல்லைக் கேட்கும். நீங்கள் பொறுப்பாளர்தானா என்று பார்க்கிறது. அப்புறம் தேவிக்கு ஒரு புதிய மறைச்சொல்லை இரண்டு தடவை கேட்கும். இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். மறைச்சொல்லைத் தட்டும்போது திரையில் ஒன்றுமே தெரியாது. புள்ளிகூட வராது. விசைப்பலகை கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பின்னால் நிற்பவர் எத்தனை எழுத்து என்றுகூட எண்ணக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். தைரியமாகத் தட்டி எண்டரை அழுத்துங்கள்.

அடுத்து முழுப்பெயர், அறை எண், அலுவலகத் தொலைபேசி, வீட்டுத் தொலைபேசி என்று கேட்டுக்கொண்டு போகும். பெரிய அலுவலகங்களில் ஒரே கணினியைப் பலர் பயன்படுத்திய காலத்து மிச்சம் அது. முழுப்பெயரை மட்டும் எழுதிவிட்டு மற்றவற்றுக்கு எண்டரை அழுத்திக்கொண்டே போகலாம். கடைசியில் "எல்லாம் சரியா?" என்று கேட்கும். ஒய் என்ற எழுத்தைத் தட்டினால் வேலை முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. ஆட்யூசர் என்பதைத் திருப்பிப் போட்டால் யூசர்ஆட் என்று இன்னொரு கட்டளை வரும். உபுண்டுவிலும் டெபியனிலும் அது வேறு ரகம். கேள்வி ஒன்றும் கேட்காது. நாம் தனியாகச் சொன்னாலொழிய அந்த ஆளுக்கு வீடும் கட்டித் தராது, மறைச்சொல்லும் வைக்காது. பேர் மட்டும் ஏட்டில் இருக்கும், ஆள் உள்ளே நுழைய முடியாது. வீட்டு உபயோகத்துக்கு ஆட்யூசரே போதும்.

நம் பேரில் உள்ள சாய்கோடு

நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. அடையாள அட்டையில் நம் பேருக்கும் அப்பா பேருக்கும் நடுவே "அனாக் லெலாக்கி", "அனாக் பெரெம்புவான்" என்பதைச் சுருக்கி, ஏ சாய்கோடு எல், ஏ சாய்கோடு பி என்று போடுகிறார்களே, அந்தச் சாய்கோட்டைக் கணக்குப் பெயரில் எழுதினால் இயந்திரம் ஏற்றுக்கொள்ளாது. நம்மீது கோபம் ஒன்றுமில்லை. லினக்சில் ஓர் அறைக்குள் இன்னோர் அறை என்று வழி காட்டுவதற்கு அந்தச் சாய்கோட்டைத்தான் வைத்திருக்கிறார்கள். தேவியின் வீட்டு விலாசமே சாய்கோடு, ஹோம், சாய்கோடு, தேவி என்றுதான் இருக்கும். பேரிலேயே சாய்கோடு வந்தால் வழி குழம்பிவிடும். இடைவெளியும் ஆகாது.

அதற்காகப் பிள்ளையின் பேரை வெட்டிக் குறுக்கிவிடாதீர்கள். கணக்குப் பெயர் கூப்பிடுவதற்கு மட்டுந்தான். முழுப்பெயருக்கென்று தனி இடம் கேட்கிறதே, அங்கே சாய்கோடும் எழுதலாம், அப்பா பேரும் எழுதலாம். அடையாள அட்டையில் உள்ளபடி ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். காதில் விழுந்தபடி யாரோ எழுதிவைத்த பேரோடு, பிறப்புப் பத்திரத்தில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று என்று அலைந்தவர்கள் நம்மில் கொஞ்சமா? பேர் எழுதும் பேனா இப்போது நம் கையில் இருக்கிறது. நாமும் அதே பிழையைச் செய்யலாமா?

ஒரே வீட்டில், ஒரே சங்கத்தில் இரண்டு தேவி இருந்தால்? ஒரு கணினியில் ஒரு கணக்குப் பெயர் ஒருவருக்குத்தான். இரண்டாவது தேவிக்கு அப்பா பேரின் முதலெழுத்தையோ ஓர் எண்ணையோ சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் பெயர் எழுத்தில் தொடங்கட்டும், எண்ணில் தொடங்க வேண்டாம்.

பேர் உங்களுக்கு, எண் இயந்திரத்துக்கு

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். தேவி என்ற பேர் நமக்காகத்தான். இயந்திரம் ஆளை எண்ணால்தான் அடையாளம் வைத்துக்கொள்கிறது. உபுண்டுவில் முதல் ஆளுக்கு 1000, அடுத்தவருக்கு 1001, அதற்கடுத்து 1002 என்று போகும். பூஜ்யம் என்ற எண் ரூட் என்னும் சர்வ அதிகாரிக்கு உரியது. ஒவ்வொரு கோப்பின் மேலும் இது இன்னாருடையது என்று எழுதியிருப்பதும் பேர் அல்ல, எண். நம் அடையாள அட்டையிலும் அப்படித்தானே? ஒரே பேரில் ஆயிரம் பேர் இருக்கலாம். பன்னிரண்டு இலக்க எண் ஒருவருக்குத்தான்.

இந்த விவரமெல்லாம் பாஸ்வேர்ட் என்பதைச் சுருக்கிப் பேர் வைத்த ஒரு கோப்பில், ஆளுக்கு ஒரு வரியாக இருக்கிறது. அதுதான் நான் சொன்ன செக்ரோல். ஒரு வரியில் ஏழு கட்டங்கள்: கணக்குப் பெயர், மறைச்சொல்லுக்கான இடம், ஆளின் எண், குழுவின் எண், முழுப்பெயர், வீட்டு விலாசம், கட்டளை வாங்கும் நிரலின் பெயர். மறைச்சொல்லுக்கான இடத்தில் இப்போது வெறும் எக்ஸ் என்ற எழுத்துதான் இருக்கும். செக்ரோலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால், மறைச்சொல்லின் அடையாளத்தை வேறொரு கோப்புக்கு மாற்றி, அதை அதிகாரி மட்டும் பார்க்கும்படி பூட்டிவிட்டார்கள். அந்தக் கோப்பிலும் மறைச்சொல் அப்படியே இருக்காது. மாவாக அரைத்த அரிசிபோல உருமாற்றி வைத்திருக்கும். மாவைப் பார்த்து அரிசியை எண்ண முடியுமா?

திறந்தால் போதாது, காக்க வேண்டும்

நீங்கள் வைத்துக் கொடுத்த மறைச்சொல் உங்களுக்குத் தெரியும் அல்லவா? அது நல்லதல்ல. தேவி முதல் தடவை உள்ளே நுழையும்போதே தன் மறைச்சொல்லைத் தானே மாற்றும்படி செய்யலாம். சூடோ, இடைவெளி, பி, ஏ, எஸ், எஸ், டபிள்யூ, டி, இடைவெளி, ஒரு சிறுகோடு, ஒட்டினாற்போல இ, இடைவெளி, தேவி. இதில் கடைசிக்கு முந்திய பகுதி "இந்த மறைச்சொல் காலாவதி" என்று சொல்வது. பாஸ்வேர்ட் என்ற சொல்லில் வரும் ஓ, ஆர் என்ற இரண்டு எழுத்துகள் இந்தக் கட்டளையில் இல்லை. கவனம்.

அடுத்தது, ஒருவர் வீட்டை மற்றவர் எட்டிப் பார்ப்பது. உபுண்டுவில் 2021-க்கு முன் வந்த பதிப்புகளில், ஒருவருடைய கோப்புகளை அதே கணினியில் உள்ள மற்றவர்கள் திறந்து படிக்கக்கூடிய நிலை இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் வந்த பதிப்பிலிருந்துதான் புதிய கணக்கின் வாசலை மூடி வைக்கிறார்கள். பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் பிள்ளையிடம் சொல்லி ஒவ்வொருவர் வீட்டுக்கும் 700 என்ற அனுமதியைப் போடச் சொல்லுங்கள். "எனக்கு மட்டும்" என்பதற்கு அதுதான் குறி. ஆனால் கணினியையே தூக்கிக்கொண்டு போய்ப் பிரிப்பவரை இது தடுக்காது. அதற்கு வன்தட்டையே குறியீடாக்கிப் பூட்ட வேண்டும்.

சூடோ அதிகாரத்தை எல்லோருக்கும் கொடுக்காதீர்கள். ஸ்டோர் சாவியை லயத்துக்கு லயம் கொடுப்பார்களா? வீட்டில் ஒருவர், அவர் இல்லாதபோது பார்க்க இன்னொருவர், அவ்வளவு போதும். ஆட்யூசரால் திறக்கும் புதிய கணக்குக்கு அந்த அதிகாரம் தானாக வராது. வேண்டுமென்றே கொடுத்தால்தான் உண்டு.

ஆள் போனால் என்ன செய்வது?

சங்கத்தை விட்டு ஒருவர் விலகுகிறார், அல்லது பொறுப்பு கைமாறுகிறது. உடனே கணக்கை அழித்துவிடாதீர்கள். முதலில் பூட்டுங்கள். மேலே சொன்ன மறைச்சொல் கட்டளையில் சிறுகோட்டுக்குப் பிறகு இ-க்குப் பதில் எல் என்ற சிறிய எழுத்தைப் போட்டால், அந்த மறைச்சொல்லோடு யாரும் நுழைய முடியாது. தாள்கள் அப்படியே இருக்கும். கமிட்டி உட்கார்ந்து, வேண்டியதைப் பிரதி எடுத்து, எல்லோருக்கும் தெரிய ஒப்படைத்த பிறகு அழிக்கலாம்.

அழிக்கும் கட்டளை யூசர்டெல். எழுத்துகள்: யு, எஸ், இ, ஆர், டி, இ, எல். அதை மட்டும் தட்டினால் பேர் போகும், வீடு நிற்கும். சிறுகோடும் ஆர் என்ற எழுத்தும் சேர்த்தால் வீட்டில் உள்ளதும் போய்விடும். எது வேண்டும் என்று தீர்மானித்துத் தட்டுங்கள். ஏனென்றால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பேரை அழித்துவிட்டு வீட்டை விட்டுவிட்டால், அந்தக் கோப்புகளின் மேல் 1002 என்ற பழைய எண் அப்படியே கிடக்கும். நாளைக்குப் புதிய ஆள் ஒருவர் வரும்போது, காலியான அந்த 1002-ஐ இயந்திரம் அவருக்குக் கொடுத்துவிடக்கூடும். கொடுத்தால், போனவருடைய கோப்புகளெல்லாம் வந்தவருக்குச் சொந்தமாகிவிடும்! ஊரை விட்டுப் போனவரின் செக்ரோல் எண்ணைப் புதியவருக்குக் கொடுத்து, பழையவரின் சம்பள பாக்கியையும் சேர்த்துக் கொடுத்தாற்போல.

விண்டோஸ் கணினி வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அங்கேயும் வழி உண்டு. கட்டளைத் திரையைப் பொறுப்பாளர் உரிமையோடு திறந்து, நெட், இடைவெளி, யூசர், இடைவெளி, கணக்குப் பெயர், இடைவெளி, நட்சத்திரக் குறி, இடைவெளி, சாய்கோடு, ஒட்டினாற்போல ஆட் என்று தட்டினால் போதும். நட்சத்திரக் குறி போட்டால் மறைச்சொல்லைத் திரையில் காட்டாமல் கேட்டு வாங்கிக்கொள்ளும். இங்கும் புதியவர் சாதாரண ஆளாகத்தான் உள்ளே வருவார்.

வாசகர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை சமையல் முடிந்து ஓய்வாக இருக்கும் நேரத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணி, அத்தனை கணக்குத் திறந்து பாருங்கள். பாட்டிக்கும் ஒன்று திறக்க மறக்காதீர்கள். பழைய படங்களும், ஊரிலிருந்து வரும் கடிதங்களும் அவருடைய வீட்டில் இருக்கட்டும். முழுப்பெயர் கேட்கும் இடத்தில் அவர் பேரை அவரையே சொல்லச் சொல்லி எழுதுங்கள். கோயில் கமிட்டியில் இருப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு விஷயமாக எடுத்துப் பேசுங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் அந்தக் காகிதத்தை மட்டும் இன்றைக்கே கிழித்துவிடுங்கள்.